கறிக்கோழி வளர்ப்பும் கரிம அமிலங்களும்

(தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பால்மரத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மழைக்காலம் சோதனைக் காலம் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையேல் வருமானம் குறைகிறது. அத்தகைய நாள்களில் வீட்டின் பின்புறத்திலோ, அனுமதி பெற்ற ஓர் ஒதுக்குப்புறத்திலோ நூறு, இருநூறு கறிக்கோழிகளை வளர்த்து விற்கும் குடும்பங்களுக்கு அத்தொழில் ஒரு ஊன்றுகோலாக அமைகின்றது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் பண்டிகைச் செலவுக்கும் அதிலிருந்து ஒரு பகுதி கிடைக்கின்றது.

ஆனால், ஐந்து அல்லது ஆறு வாரங்களில் விற்பனைக்கு வந்துவிடும் இக்கோழிகள் நோய்க்கு எளிதில் இரையாகக் கூடியவை. ஒரு கூட்டத்தில் நோய் புகுந்துவிட்டால், வாங்கிய குஞ்சின் விலையும், போட்ட தீனியின் விலையும், செலுத்திய உழைப்பும் ஒருசேரப் போய்விடுகின்றன. நம் நாட்டில் கோழித் தீனிக்கு வேண்டிய சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோழி ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்திவைக்கும் அளவுக்குத் தீனிச் செலவும் பற்றாக்குறையும் முற்றியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, தீனி தின்று வளர்ந்த கோழி ஒன்று நோயால் மடிவது சிறிய இழப்பன்று.

இந்த அச்சத்தினால் நம்மில் பலர் என்ன செய்கின்றனர்? கோழி சற்றே சோர்ந்தாலும், எச்சம் சிறிது இளகினாலும், கடையில் கிடைக்கும் மருந்துப் பொடியை வாங்கித் தண்ணீரில் கரைத்து எல்லாக் கோழிகளுக்கும் கொடுத்துவிடுகின்றனர். அப்பழக்கத்தின் கேடு யாது, அதற்குப் பதிலாகக் கரிம அமிலங்கள் என்னும் பொருள்கள் எவ்வளவு தூரம் நமக்கு உதவக்கூடும், எந்த இடத்தில் அவை உதவா என்பனவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

எல்லா நோயும் ஒரு நோயன்று

முதலில் நோய்களைப் பிரித்தறிதல் வேண்டும். கோழிகளுக்கு வரும் நோய்கள் யாவும் ஒரே வகைக் கிருமியால் வருவனவல்ல. மலாய் மொழியில் 'சம்பார்' என்று சொல்லப்படுவதும் தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்று வழங்குவதுமாகிய நியூகாஸில் நோய், வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருவது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளந்தான் மாநிலத்தில் தலைகாட்டிய பறவைக் காய்ச்சலும் அவ்வகையே. இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோய் வேறொரு வகை ஒட்டுண்ணியால் உண்டாவது. இவற்றுக்கு இன்று நாம் பேசவிருக்கும் அமிலங்கள் மருந்தாகமாட்டா. நியூகாஸில் நோய்க்குத் தடுப்பூசியே காப்பு. கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடியுமானால், மருந்து தேடி அலையாமல், அறுத்து விற்கவும் முயலாமல், உடனே கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவிப்பதே கடமை.

நாம் பேசப்போவது பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளைப் பற்றியது. அவற்றுள் நான்கினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சால்மொனெல்லா. இரண்டாவது இ.கோலை. மூன்றாவது காம்பிலோபாக்டர். நான்காவது, குடலைப் புண்ணாக்கி அழுகச் செய்யும் குளோஸ்ட்ரிடியம். இவற்றுள் காம்பிலோபாக்டர் கோழிக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் கோழியை உண்ணும் மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தருகின்றது. சால்மொனெல்லாவும் அப்படியே, கோழி நலமாக ஓடியாடிக்கொண்டிருக்கும், கிருமியோ அதன் குடலில் குடியிருக்கும். ஆகவே, கோழிக் கூண்டில் நாம் காட்டும் கவனம் நம் வீட்டுச் சமையலறைக்கும் காவலாகின்றது.

மருந்துப் பொடியின் வரலாறு

1950ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் ஒரு செய்தியை வெளியிட்டனர். குளோர்டெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைத் தீனியில் மிகச் சிறிதளவு கலந்தால் விலங்குகள் விரைவாக வளர்கின்றன என்பதே அச்செய்தி. அன்று முதல் உலகெங்கும் கோழித் தீனியில் ஆண்டிபயாட்டிக் மருந்துகளைக் கலக்கும் வழக்கம் பரவிற்று. நோயுற்ற கோழிக்கு மருந்து என்ற நிலை மாறி, நோயற்ற கோழிக்கும் நாள்தோறும் மருந்து என்ற நிலை ஏற்பட்டது.

இதன் விளைவு என்ன? மருந்தைச் சிறுகச் சிறுக ஊட்டும்போது வலுவற்ற கிருமிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்ற சில கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன. ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அடித்த நிரையில், அந்த மருந்துக்கு அசையாத புல் மட்டும் தழைத்து நிற்பதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான் கோழியின் குடலிலும் நிகழ்கின்றது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. இக்கிருமிகள் தம் தாங்கும் ஆற்றலை அருகிலுள்ள வேறு கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்கக்கூடியவை.

2015ஆம் ஆண்டு நவம்பரில் சீன நாட்டு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அச்சமூட்டும் சான்றை வெளியிட்டனர். வேறு மருந்து எதுவும் பலிக்காத நோயாளிகளுக்கு மருத்துவர் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்துகளுள் கொலிஸ்டின் ஒன்று. அம்மருந்துக்கு அசையாத தன்மையைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணு ஒன்றைப் பண்ணை விலங்குகளிலும், இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடத்தும் அவர்கள் கண்டனர். வளர்ச்சிக்காக ஆண்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜனவரி முதல் முற்றாக விலக்கியிருந்தது. நம் மலேசிய அரசாங்கம் கால்நடைத் தீனியில் கொலிஸ்டின் கலப்பதை 2019ஆம் ஆண்டில் தடை செய்தது.

பெற்றோர்களே, இதனைச் சற்று உங்கள் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். கோழிக்குத் தேவையின்றிக் கொடுத்த மருந்து, நாளை உங்கள் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் வரும்போது பலிக்காமல் போகக்கூடும். கோழியை விற்று வரும் பணத்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலுமா? இதன் பொருட்டே, கிருமிகளைக் கட்டுப்படுத்த வேறு வழிகளை அறிவியலார் நாடினர். அவ்வழிகளுள் ஒன்று கரிம அமிலம்.

உங்களுக்குப் பழக்கமான பொருளே

கரிம அமிலம் என்றவுடன் ஏதோ புதுமையான பொருள் என எண்ணிவிடாதீர்கள். புளியில் உள்ளது ஒரு கரிம அமிலம். எலுமிச்சையில் உள்ளது சிட்ரிக் அமிலம். தயிரைப் புளிக்கச் செய்வது லாக்டிக் அமிலம். வினிகரில் உள்ளது அசிட்டிக் அமிலம். இவற்றையெல்லாம் விட, உங்கள் கைக்கும் மூக்கிற்கும் நன்கு பழக்கமான ஒன்று உண்டு. பால் ஸ்டோரில் பாலை உறையச் செய்வதற்கு ஊற்றும் பார்மிக் அமிலமே அது. 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதனைப் பிரித்தெடுத்தார். எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே 'பார்மிக்' என்னும் பெயர்.

மரத்திலிருந்து இறங்கும் பால் ஏறக்குறைய நடுநிலைத் தன்மை உடையது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலில் அது 7க்கு அருகில் நிற்கும். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். அமிலம் சேர்த்து அதனை 5க்குக் கீழே இறக்கினால் பால் கட்டியாகின்றது. இனி, அமிலம் ஊற்றாமலேயே மங்கில் கிடக்கும் பால் சில வேளை தானாகக் கட்டிப்பாலாகிவிடுவதும் உங்களுக்குத் தெரியும். அது எதனால்? காற்றிலும் கத்தியிலும் மங்கிலும் உள்ள நுண்கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரைச் சத்தை உண்டு, அசிட்டிக், பார்மிக், புரோப்பியானிக் ஆகிய அமிலங்களை உண்டாக்குகின்றன. அதனைத் தடுக்கவே பாலில் அம்மோனியா சேர்க்கின்றனர். ஆக, இவ்வமிலங்களின் குடும்பம் முழுவதையும் நீங்கள் பெயரறியாமலேயே அறிந்திருக்கிறீர்கள்.

கிருமியை அமிலம் வெல்வது எவ்வாறு?

அமிலம் புளிப்பானது, புளிப்பால் கிருமி சாகிறது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பாதி உண்மையே. புளிப்பு மட்டுமே காரணமாயின், எல்லா அமிலமும் ஒரே அளவில் கிருமியைக் கொல்ல வேண்டும், அவ்வாறு கொல்வதில்லை.

கரிம அமிலத் துகள் தண்ணீரில் இரு நிலைகளில் இருக்கும். ஒன்று பிரியாத முழு நிலை. மற்றொன்று இரண்டாகப் பிரிந்த நிலை. பிரியாத முழுத் துகள் கிருமியின் மேலுறையை ஊடுருவி உள்ளே சென்றுவிடும். பிரிந்த துகளால் அவ்வளவு எளிதில் செல்ல இயலாது. கிருமியின் உட்புறம் நடுநிலைத் தன்மை உடையதாதலின், உள்ளே சென்ற துகள் அங்கே இரண்டாகப் பிரிந்து, கிருமியின் உடலுக்குள் புளிப்பை உண்டாக்குகின்றது.

அடைமழையில் கூரை ஒழுகும் வீட்டை எண்ணிப் பாருங்கள். வீட்டிலுள்ளோர் வாளி வாளியாகத் தண்ணீரை வெளியே இறைக்கின்றனர். சமையல் இல்லை, உறக்கம் இல்லை, இறைப்பதே வேலை. கிருமியும் அவ்வாறே உள்ளே வந்த புளிப்பை வெளியேற்றத் தன் சக்தியை எல்லாம் செலவிடுகின்றது. வளரவும் பெருகவும் அதனிடம் சக்தி எஞ்சுவதில்லை. பிரிந்த அமிலத்தின் மறுபாதியோ உள்ளேயே தங்கிக் கிருமியின் உட்செயல்களைக் கெடுக்கின்றது. இறுதியில் கிருமி தளர்கின்றது அல்லது மடிகின்றது. தயிரிலுள்ளதைப் போன்ற நன்மை தரும் கிருமிகள் உட்புறத்தில் ஓரளவு புளிப்பைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஆதலால், அவை சால்மொனெல்லாவைப் போல அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை.

இங்கே ஒரு கணக்கு முக்கியமானது. பார்மிக் அமிலம் பி.எச். 3.75 என்னும் நிலையில் சரிபாதி பிரியாமல் இருக்கும். எண் 4.75 ஆக உயர்ந்தால் பதினொன்றில் ஒரு பங்கே பிரியாமல் இருக்கும். 6.75 ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். எனவே, புளிப்புள்ள இடத்தில்தான் இவ்வமிலம் நன்கு வேலை செய்யும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்றுநீரில் ஊற்றினால் அதன் வலிமையில் பெரும்பகுதி வீணாகிவிடும் என்பதும் இதனால் விளங்கும்.

கோழியின் உடலுக்குள்ளே

கோழி உண்ணும் தீனி முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்குகின்றது. அங்கே நல்ல கிருமிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, பி.எச். எண்ணை 5 அளவில் வைத்துக் காவல் புரிகின்றன. தண்ணீரிலோ தீனியிலோ நாம் சேர்க்கும் அமிலம் முதன்மையாக உதவுவதும் இவ்விடத்திலேயே. அதன்பின் இரைப்பை, தீனியை அரைக்கும் அரைவைப்பை, குடல் எனப் பயணம் தொடர்கின்றது. குடலை அடைவதற்குள் சாதாரண அமிலத்தின் பெரும்பகுதி உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவேதான், குடலின் பின்பகுதிவரை சென்று சேர வேண்டும் என்பதற்காகக் கொழுப்புப் பூச்சிட்ட அமில மணிகளைத் தீனித் தொழிற்சாலைகள் பயன்படுத்துகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலம் குறிப்பிடத்தக்கது. இது குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகி, குடலை வலுப்படுத்துகின்றது. சால்மொனெல்லா குடற்சுவரைத் துளைத்துப் புகும் ஆற்றலையும் குறைக்கின்றது. தேங்காய் எண்ணெயிலும் செம்பனைப் பருப்பு எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதியளவு உள்ள லாரிக் அமிலம், குளோஸ்ட்ரிடியம் போன்ற கிருமிகளுக்கு எதிராக நன்கு செயற்படுவது. ஆனால் எண்ணெயில் அது கட்டுண்ட நிலையில் இருப்பதால், எண்ணெயை அப்படியே தீனியில் ஊற்றுவது அதற்கு ஈடாகாது.

இயற்கையே இப்பாடத்தைக் கற்பிக்கின்றது. 1973ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் நூர்மி, ரந்தாலா என்னும் இரு ஆய்வாளர்கள், வளர்ந்த கோழியின் குடற்கிருமிகளை ஒருநாள் குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். அக்குஞ்சுகளைச் சால்மொனெல்லா எளிதில் பற்றவில்லை. நல்ல கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அமிலங்களையும் உண்டாக்கித் தீயவற்றைத் தடுத்துவிட்டன. தாய்க்கோழியின் சிறகடியில் வளரும் குஞ்சு, தாயோடு மண்ணைக் கிளறும்போதே இப்பாதுகாப்பைப் பெற்றுவிடுகின்றது. பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் குஞ்சுக்குத் தாயில்லை. அதனால்தான் முதல் வாரத்தில் அதற்கு நம் கவனம் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. அவ்வேளையில் காரணமின்றி மருந்துப் பொடி கொடுப்பது, குடியேற வரும் நல்ல கிருமிகளையும் சேர்த்து விரட்டுவதாகும்.

ஸ்டோர் அமிலம் வேண்டவே வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தந்திருத்தமாகக் கூற விரும்புகின்றேன். "பாலுக்கு ஊற்றும் அமிலமும் கோழிக்குக் கொடுக்கும் அமிலமும் ஒன்றுதானே? ஸ்டோரிலிருந்து சிறிது கொண்டுவந்து ஊற்றினால் என்ன?" என்று உங்களுள் யாரேனும் எண்ணக்கூடும். அவ்வாறு ஒருபோதும் செய்யாதீர்கள். பெயர் ஒன்றாயினும் தரம் வேறு. தொழிற்சாலை அமிலம் உணவுக்கென்று தூய்மைப்படுத்தப்பட்டதன்று. அதன் செறிவும் மிக அதிகம். தோலையும் கண்ணையும் சுட்டுப் புண்ணாக்கவல்லது. சிலர் பாலுக்குப் பயன்படுத்தும் கந்தக அமிலமோ கரிம அமிலமே அன்று. அது கோழிக்கும் கேடு, வளர்ப்பவருக்கும் கேடு. இவை தவிர, தோட்டத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டு செல்வது வேலைக்கே உலை வைக்கும் செயலாகும். அமிலத்தைக் குடிபானப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைத்திருந்தால், தாகமெடுத்த குழந்தை அதனை எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

கோழிக்கெனத் தயாரித்து, சீட்டு ஒட்டி, அளவு குறித்து விற்கப்படும் பொருளை மட்டுமே வாங்குங்கள். வாங்குமுன் கால்நடைச் சேவை இலாகா அதிகாரியின் ஆலோசனையைக் கேளுங்கள்.

அளவும் முறையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. தொழிற்சாலைத் தீனியில் பொதுவாக ஒரு டன்னுக்கு இரண்டு முதல் ஐந்து கிலோ அளவில் அமிலங்கள் சேர்க்கப்படுவதுண்டு. நீங்கள் வாங்கும் தீனியில் ஏற்கெனவே அமிலம் கலந்திருக்கின்றதா என்பதை மூட்டையின் சீட்டைப் படித்து அறிந்துகொள்ளுங்கள். கலந்திருந்தால், தண்ணீரிலும் சேர்க்கத்தான் வேண்டுமா என்று விசாரித்த பின்னரே செய்யுங்கள்.

தண்ணீரில் சேர்ப்பதற்கு ஒரு கணக்கைக் காட்டாகக் கூறுகின்றேன். உங்களிடம் ஐந்து வாரக் கோழிகள் 200 உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறையக் கால் லிட்டர் நீர் குடிக்கும். வெயில் மிகுந்தால் இன்னும் கூடும். 200 கோழிக்கு 50 லிட்டர். சீட்டில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர் என்று குறித்திருந்தால், 50 லிட்டருக்கு 50 மில்லிலிட்டர் போதும். கைம்மதிப்பாக ஊற்றாமல், அளவுக் குவளையால் அளந்தே ஊற்றுங்கள். பி.எச். காட்டும் தாளைத் தோய்த்துப் பார்ப்பது நன்று. எண் 4க்குக் கீழே இறங்குமாயின் கோழிகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். நம் நாட்டு வெயிலில் நீர் குறைந்தால் வளர்ச்சியும் குறையும், உயிருக்கும் ஆபத்து.

இனி, பின்வரும் விதிகளை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, தண்ணீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். காற்றோட்டமான இடத்தில் நின்று கலக்க வேண்டும். கண்ணில் தெறித்துவிட்டால், ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிய பின் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

இரண்டாவதாக, பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியையும் குழாயையும் அமிலம் அரித்துவிடும்.

மூன்றாவதாக, குளோரின் கலந்த வெளுப்பு நீரோடு அமிலத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது. அவ்விரண்டும் கூடினால் நச்சு வாயு எழுந்து உயிரையே போக்கிவிடக்கூடும்.

நான்காவதாக, தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளிலும், அதற்கு முந்திய நாளிலும், பிந்திய நாளிலும் அமிலத்தை நிறுத்திவிட வேண்டும். நியூகாஸில் தடுப்பு மருந்தில் உள்ளது உயிருள்ள, வலுக்குறைத்த நச்சுயிரி. அமிலம் அதனைக் கெடுத்துவிட்டால் தடுப்பு மருந்து வீணாகிவிடும்.

ஐந்தாவதாக, அமிலம் கலப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாயின் உட்புறத்தில் பாசிபோல் வழுவழுப்பாகப் படியும் படலத்திற்குள் கிருமிகள் ஒளிந்து வாழ்கின்றன. பாசி படிந்த தொட்டியில் அமிலம் ஊற்றுவது, அழுக்குச் சட்டைக்கு அத்தர் பூசுவது போன்றது.

அமிலம் செய்யாதவை

இவ்வளவு கூறியதைக் கேட்டு, அமிலம் ஒன்றிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. நோயுற்று விழுந்த கோழியை அமிலம் எழுப்பிவிடாது. அது கிருமியின் தொகையையும் பரவலையும் குறைக்கும் தடுப்பு முறையே அன்றிச் சிகிச்சையன்று. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளிலும் பலன் ஒரே சீராகக் கிட்டவில்லை. தண்ணீரின் தன்மை, அமிலத்தின் வகை, அளவு, கொட்டகையின் தூய்மை ஆகியவற்றுக்கேற்பப் பலன் மாறுகின்றது. மேலும், மிகக் குறைந்த அளவில் நெடுநாள் கொடுத்தால் கிருமி புளிப்புக்கும் பழகிக்கொள்ளும்.

ஆகவே, நெருக்கடியில்லாத கொட்டகை, உலர்ந்த தரைவிரிப்பு, நல்ல காற்றோட்டம், எலி அண்டாத தீனி அறை, கொட்டகைக்கென்று தனியாக ஒரு சோடி செருப்பு, ஒரு கூட்டம் விற்றுத் தீர்ந்தபின் அடுத்த கூட்டம் வருமுன் கழுவிக் காயவிடும் இடைவெளி ஆகியவையே அடித்தளம். அமிலம் அத்தளத்தின்மேல் எழுப்பும் சுவரேயாகும். கோழிகள் உண்மையாகவே நோயுற்றால், கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை, அவர் கூறும் அளவில், அவர் கூறும் நாள்கள் வரை கொடுக்கத்தான் வேண்டும். மருந்து கொடுத்த பின் விற்பனைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சீட்டில் குறித்திருப்பார்கள். நல்ல விலை வந்துவிட்டதே என்று அந்நாள்களைக் குறைத்துக்கொள்வது, வாங்கி உண்பவருக்கு இழைக்கும் துரோகமாகும். அக்கோழியை வாங்குபவர் பக்கத்து லயத்து மக்களாகவே இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

விற்பனை நாளும் சமையலறையும்

அறுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்னதாகத் தீனியை நிறுத்துவது வழக்கம். அந்த நேரத்தில் பசித்த கோழிகள் எச்சம் கலந்த தரைவிரிப்பைக் கொத்துகின்றன. தீனி இல்லாததால் தீனிப்பையின் இயற்கைப் புளிப்பும் குறைந்துவிடுகின்றது. இவ்விரு காரணங்களால் அங்கே சால்மொனெல்லா பெருகுகின்றது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்த நேரத்தில் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த லாக்டிக் அமிலத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது, தீனிப்பையில் சால்மொனெல்லாவும் காம்பிலோபாக்டரும் குறைந்ததாகக் கண்டனர். அமிலத்திற்கெனச் செலவிட இயலாதவர்கள்கூட, இந்தக் கடைசி மணி நேரங்களில் தூய நீரைத் தடையின்றி வைத்து, ஈரமான அழுக்கு விரிப்பை அகற்றிவிட்டால் பெரும்பலன் உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பச்சைக் கோழியிறைச்சியைக் குழாயடியில் பிடித்துக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் அருகிலுள்ள கோப்பையிலும் கீரையிலும் கிருமியைச் சேர்க்கின்றன. கழுவித்தான் ஆகவேண்டும் என்போர், பாத்திரத்தில் நீர்விட்டு மெதுவாக அலசிவிட்டு, அவ்விடத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் பச்சைக் காய்கறியை வெட்டாதீர்கள். இறைச்சியின் உட்புறச் சூடு 74 பாகை செல்சியசை எட்ட வேண்டும். எலும்பை ஒட்டிய சதையில் செந்நிறம் நீங்கி, வடியும் சாறு தெளிவாக இருக்கும் வரை வேகவிடுங்கள். எந்த அமிலமும் இக்கவனத்துக்கு ஈடாகாது.

அன்பர்களே! நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, நோய் புகாமல் காப்பதே செலவு குறைந்த வழி. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. வரும் வாரத்தில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலில், கோழிகளின் தண்ணீர்த் தொட்டியை உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து, வீட்டிலுள்ள மருந்துப் பொடிகளை எடுத்துச் சீட்டைப் படித்துப் பாருங்கள்; சீட்டில்லாதவற்றையும் காலாவதியானவற்றையும் கோழிக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். மூன்றாவதாக, உங்கள் வட்டாரக் கால்நடைச் சேவை இலாகா அலுவலகத்திற்குச் சென்று, உங்கள் நீருக்கும் உங்கள் கோழிக்கும் எந்த அமிலம், எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டறியுங்கள். ஐயம் கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை. உங்களுக்கு மலாய் மொழியில் பேசத் தயக்கமிருந்தால், படிக்கும் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

உங்கள் கோழிகள் நலமுடன் வளர்க! உங்கள் இல்லங்களில் நோயின்றி நிறைவு நிலவுக!